பூண்டும் வெள்ளியும் கார்பன் தாளும்

அக்காள் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். செமஸ்டர் விடுமுறைக்கு ஒரு நாவல் வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். போன வாரம் போனில் கூப்பிட்டு, "மாமா, ரத்தக் காட்டேரி வேட்டைக் கதை வேண்டும். ஒன்றே ஒன்று போதும், ஆனால் வீணாகிவிடக் கூடாது" என்றாள். அவள் மனத்தில் ஏற்கெனவே ஒரு புத்தகம் இருந்தது. ஆஸ்திரேலிய எழுத்தாளர் ஜே கிறிஸ்டாஃப் எழுதி 2021இல் வெளிவந்த ‘எம்பயர் ஆஃப் தி வாம்பயர்’. எழுநூறு பக்கங்களுக்கு மேல். உள்ளே அழகான ஓவியங்கள் வேறு. தோழிகளில் ஒருத்தி அதை மூன்றே நாளில் முடித்தாளாம். இன்னொருத்தி நூறாவது பக்கத்தில் மூடி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாளாம். "இதில் யார் சொல்வதை நம்புவது?" என்று கேட்டாள்.

இரண்டு பேரையும் நம்பலாம் என்றேன். அவளுக்கு அது பதிலாகப் படவில்லை. ஆனால் பல வருடங்களாகச் சனிக்கிழமை சாயங்காலங்களில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் ஆறேழு பேர் கூடிப் புத்தகம் பேசுகிறோம். அங்கே நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. பாராட்டுகள் எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். கீழே வைக்க முடியவில்லை, தூக்கம் போயிற்று, கண்ணீர் வந்தது. இதை வைத்து ஒன்றையும் தீர்மானிக்க முடியாது. குறைகள் அப்படியில்லை. ஒவ்வொரு புத்தகத்தின் குறையும் அந்தப் புத்தகத்துக்கே உரியது. எந்தக் குறையை நம்மால் பொறுத்துக்கொள்ள முடியும் என்று பார்த்து வாங்கினால் பணம் வீணாவதில்லை. அதனால் அவளுக்கு நான்கு நாவல்களின் குறைகளை வரிசையாகச் சொன்னேன். அதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். முக்கியமான முடிவுகளை மறைத்தே பேசுவேன். டிராகுலாவில் மட்டும் கொஞ்சம் கை நழுவும்.

முதலில் ஒரு சொல் பற்றி. வாம்பயருக்கு நம் பத்திரிகைகளும் சினிமா விளம்பரங்களும் ‘ரத்தக் காட்டேரி’ என்று பெயர் வைத்துவிட்டன. காட்டேரி பல ஊர்களில் பொங்கல் வைத்துக் கும்பிடும் தெய்வம். அவளுக்கும் கருப்பு அங்கி போட்ட ஐரோப்பியப் பிரபுவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இதற்கு முன்னால் நம் வேதாளத்துக்கும் இதே கதி நேர்ந்தது. ரிச்சர்ட் பர்ட்டன் 1870இல் விக்கிரமாதித்தன் கதைகளை ஆங்கிலத்தில் எழுதியபோது, மரத்தில் தலைகீழாகத் தொங்கிப் புதிர் போடுகிற அந்த அப்பாவியை வாம்பயர் ஆக்கிவிட்டார். அவர் அங்கே செய்ததை நாம் இங்கே திருப்பிச் செய்கிறோம். வேறு நல்ல சொல் கிடைக்கும்வரை காட்டேரி என்றே எழுதுகிறேன், அம்மன் பொறுத்துக்கொள்ளட்டும்.

அவள் கேட்ட புத்தகத்திலிருந்தே தொடங்குகிறேன். கிறிஸ்டாஃபின் உலகத்தில் சூரியன் மங்கி இருபத்தேழு வருடங்கள் ஆகின்றன. பகல் என்ற ஒன்று பேருக்குத்தான் இருக்கிறது. வெயிலுக்குப் பயந்து ஒளிந்திருந்த காட்டேரிகள் படையெடுத்து நாடுகளைப் பிடிக்கின்றன. அவர்களை எதிர்க்க ஒரு மடம். அதில் வளர்க்கப்படும் வேட்டைக்காரர்கள் அத்தனை பேரும் காட்டேரித் தகப்பனுக்கும் மனிதத் தாய்க்கும் பிறந்தவர்கள். உடம்பெங்கும் வெள்ளி கலந்த மையால் பச்சை குத்திக்கொள்கிறார்கள். அவர்களுக்குள்ளும் ரத்த தாகம் உண்டு. அதை அடக்க, கொன்ற காட்டேரியின் ரத்தத்தைப் பொடியாக்கிக் குழாயில் வைத்துப் புகைக்கிறார்கள். இந்தக் கூட்டத்தில் கடைசியாக மிஞ்சிய கேப்ரியல் என்பவன் எதிரியிடம் சிறைப்பட்டு, ஒரு கோபுர அறையில் உட்கார்ந்து, காட்டேரி வரலாற்றாசிரியன் ஒருவனுக்குத் தன் கதையைச் சொல்கிறான். அவன் சொல்லச் சொல்ல இவன் எழுதிக்கொள்கிறான்.

எங்கள் மாடியில் இந்தப் புத்தகத்தை வைத்துப் பெரிய சண்டையே நடந்தது. மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் இதை உயிராகக் கொண்டாடினார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், "பக்கத்துக்குப் பத்து கெட்ட வார்த்தை. நான் எண்ணிப் பார்த்தேன்" என்றார். அவர் எண்ணியிருக்கமாட்டார் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. முப்பது வருடம் காசாளராக இருந்தவர். வசைச் சொற்கள் இந்த நாவலில் உப்பைப் போல இல்லை, சோற்றைப் போல இருக்கின்றன. கொடூரமான கொலைகளும் படுக்கையறைக் காட்சிகளும் தாராளம். இது வயது வந்தோருக்கான நூல், சந்தேகமே வேண்டாம். பெண் பாத்திரங்கள் நாயகனுடைய துக்கத்துக்கு விறகாகவே பெரும்பாலும் பயன்படுகிறார்கள் என்ற குற்றச்சாட்டையும் நான் ஏற்கிறேன்.

ஆனால் பலர் சொல்லும் இன்னொரு குறையை நான் ஒப்புக்கொள்வதில்லை. கதை காலம் மாறி மாறித் தாவுகிறது, நடுநடுவே அந்த வரலாற்றாசிரியன் குறுக்கிடுகிறான், அதனால் ஓட்டம் தடைப்படுகிறது என்கிறார்கள். எனக்கு அந்தக் குறுக்கீடுகள்தான் பிடித்திருந்தன. கேப்ரியல் ஒரு காலத்தை விட்டு இன்னொன்றுக்குத் தாவும்போது கேட்பவன் எரிச்சலடைகிறான். வாசகன் மனத்தில் இருப்பதை அவன் சொல்லிவிடுகிறான். சிறைக்கைதி கதையை வைத்துக்கொண்டு சிறைக்காரனை ஆட்டிவைக்கிறான். வேட்டை நடப்பது காட்டில் மட்டும் இல்லை, அந்த மேசைக்கு இரண்டு பக்கமும்கூட நடக்கிறது. அப்புறம் அந்த வாள். முனை உடைந்த, பேசுகிற, பாதி புத்தி பேதலித்த ஒரு வாள். சொன்னதையே திருப்பிச் சொல்கிறது, யாரிடம் பேசுகிறோம் என்று மறக்கிறது. இத்தனை பெரிய புத்தகத்தில் என் மனத்தில் தங்கிய பாத்திரம் அதுதான் என்று சொன்னால் ஆசிரியருக்குப் பாராட்டா இல்லையா என்று தெரியவில்லை.

அரைக் காட்டேரி வேட்டைக்காரன் என்பது இவருடைய கண்டுபிடிப்பு இல்லை. பால்கன் நாட்டுப்புறக் கதைகளில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கே காட்டேரியை அடையாளம் காணும் சக்தி உண்டு என்று சொல்வார்கள். ஜப்பானில் ஹிதேயுகி கிகுச்சி 1983இலேயே அப்படி ஒரு நாயகனை வைத்துத் தொடர் நாவல் தொடங்கிவிட்டார். கிறிஸ்டாஃப் சேர்த்தது போதைப் பழக்கத்தை. வேட்டையாடுகிறவன் வேட்டையாடப்படுவதைப் புகைத்து உயிர் வாழ்கிறான் என்பதுதான் இந்த நாவலின் நல்ல எண்ணம். இன்னொரு நடைமுறை விஷயம்: இது மூன்று பாகம். இரண்டாவது 2024இலும் மூன்றாவது 2025இலும் வந்துவிட்டன. ஆகவே ஒன்றை வாங்கினால் மூன்றையும் வாங்கியதாகவே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். "ஒன்றே ஒன்று" என்ற மருமகளின் நிபந்தனைக்கு இது முதல் அடி.

அடுத்தது டிராகுலா. பிராம் ஸ்டோக்கர் என்ற ஐரிஷ்காரர் எழுதி 1897இல் லண்டனில் வெளிவந்தது. எல்லோரும் இதைப் படித்துவிட்டதாக நினைக்கிறார்கள். உண்மையில் படங்களைத்தான் பார்த்திருக்கிறார்கள். வெயில் பட்டால் காட்டேரி சாம்பலாகும் என்பது இந்தப் புத்தகத்தில் கிடையாது. டிராகுலா பிரபு லண்டன் பிக்காடிலித் தெருவில் பகலில் நடமாடுகிறான். வெயிலில் கரைந்துபோவது 1922இல் வந்த ‘நோஸ்ஃபெராட்டு’ என்ற ஜெர்மன் ஊமைப் படத்தின் வேலை. அந்தப் படம் கதையை அனுமதி இல்லாமல் எடுத்துக்கொண்டதற்காக ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டு, பிரதிகளை அழிக்க நீதிமன்ற உத்தரவே வாங்கினார். படம் அழியவில்லை, அது கொடுத்த விதியும் அழியவில்லை.

இதைப் பற்றி வாசகர்கள் சொல்லும் குறைகள் நூற்றாண்டாக மாறாமல் இருக்கின்றன. கோட்டையில் நடக்கும் முதல் நான்கு அத்தியாயங்கள் அபாரம், அப்புறம் பிரபுவைக் காணவே முடியவில்லை. நாட்குறிப்பு, கடிதம், தந்தி, பத்திரிகைத் துணுக்கு என்று ஒரே காகிதமாக இருக்கிறது. வேட்டைக்குத் தலைமை தாங்கும் டாக்டர் வான் ஹெல்சிங் வாயைத் திறந்தால் மூடுவதில்லை. மூன்றாவது குறைக்கு மன்னிப்பே இல்லை. அந்த டச்சுக்காரரின் உடைந்த ஆங்கிலப் பிரசங்கங்களை நானும் தாண்டித் தாண்டித்தான் படித்தேன்.

இரண்டாவது குறையைச் சொல்பவர்கள் மட்டும் வேட்டையைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்பது என் கட்சி. டிராகுலா லண்டனுக்கு வருவது மண் நிரப்பிய ஐம்பது பெட்டிகளோடு. அந்தப் பெட்டிகளில்தான் அவன் படுக்க முடியும். அவனைப் பிடிக்க வேண்டுமானால் ஐம்பதும் எங்கே போயின என்று தெரிய வேண்டும். ஜானதன் ஹார்க்கர் ஒரு வக்கீல். அவன் வாளை எடுக்கவில்லை. சரக்கு ரசீதுகளை எடுக்கிறான். துறைமுகத்தில் யார் இறக்கினார்கள், எந்த வண்டியில் ஏறியது, எந்த வீட்டில் எத்தனை இறங்கியது என்று வண்டிக்காரர்களைத் தேடிப் போகிறான். அவர்களோ, அந்த வீட்டுத் தூசியில் தொண்டை எப்படி வறண்டுபோனது என்று குறிப்பாகச் சொல்கிறார்கள். அவன் புரிந்துகொண்டு குடிக்கக் காசு கொடுக்கிறான். அடுத்த முகவரி வெளியே வருகிறது. பிக்காடிலி வீட்டுக்குள் நுழைய வேண்டியபோது இரவில் சுவரேறிக் குதிப்பதில்லை. பட்டப்பகலில், கண்ணியமாக உடுத்திய இரண்டு பேர் ஒரு பூட்டுக்காரரை அழைத்துவந்து, தங்கள் சொந்த வீடு போலக் கதவைத் திறக்கச் சொல்கிறார்கள். ரோந்துப் போலீஸ்காரருக்குச் சந்தேகமே வருவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் ஹார்க்கரின் மனைவி மீனாவுடைய தட்டச்சுப் பொறி. சுருக்கெழுத்து நாட்குறிப்பு, மெழுகு உருளையில் டாக்டர் சீவர்ட் என்ற இன்னொருவர் பதிவு செய்த குரல், கடிதங்கள் எல்லாவற்றையும் அவள் தேதிவாரியாக அடுக்கி, படியெடுக்கும் தாள் வைத்து மூன்று பிரதிகளாகத் தட்டச்சு செய்கிறாள். அந்தக் கட்டுதான் நாம் படிக்கும் நாவல். ஓர் இரவு பிரபு உள்ளே புகுந்து, கண்ணில் பட்ட கையெழுத்துத் தாள்களை எல்லாம் தீயில் போடுகிறான். உருளைகளையும் போடுகிறான்; மெழுகு இருந்ததால் நெருப்பு நன்றாகப் பற்றிக்கொள்கிறது. அப்போது ஒருவர் சொல்கிறார்: நல்லவேளை, இன்னொரு பிரதி இரும்புப் பெட்டியில் இருக்கிறது. நானூறு வருடத்துப் பிரபு ஒரு கார்பன் பிரதியிடம் தோற்கும் இடம் அது. அலுவலகத்தில் கோப்புகளோடு வாழ்ந்தவர்களுக்கு இந்த நாவல் தனியாக இனிக்கும். எங்கள் வங்கிப் பெரியவர் இதை மூன்று தடவை படித்திருக்கிறார்.

மாடிக்கு வரும் செவிலியர் ஒருவர் சொன்னதையும் பதிவு செய்துவிடுகிறேன். லூசி என்ற பெண்ணுக்கு ரத்தம் குறையக் குறைய, நான்கு ஆண்கள் ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் ரத்தத்தைக் கொடுக்கிறார்கள். பரிசோதனை ஒன்றும் கிடையாது. குழாயைச் செருகி ஏற்றிவிடுகிறார்கள். "நான்கு பேருக்கும் அவளுக்கும் எப்படிச் சேர்ந்தது? காட்டேரி கொல்லாவிட்டாலும் இவர்களே கொன்றிருப்பார்களே" என்றார். ரத்த வகைகளைக் கார்ல் லாண்ட்ஸ்டைனர் கண்டறிந்து வெளியிட்டது 1901இல். நாவல் அதற்கு நான்கு வருடம் மூத்தது. அதே செவிலியர் அதே பகுதியில் இன்னொன்றையும் மன்னிக்கவில்லை. வான் ஹெல்சிங் பூண்டுப் பூக்களை ஹாலந்திலிருந்து வரவழைத்து அறையெங்கும் வைத்து, மாலையாகவும் கட்டிவிட்டுப் போகிறார். வாசனை தாங்கவில்லை என்று லூசியின் அம்மா எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுவிட்டு ஜன்னலையும் திறந்து வைக்கிறார். "உறவினர்களிடம் எதையும் விளக்கிச் சொல்லாமல் போனால் இப்படித்தான் ஆகும். தினமும் பார்க்கிறேன்" என்றார்.

டிராகுலாவைத் தேர்வுப் பட்டியலில் வைத்து எடை போடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பணம் செலவழிக்க வேண்டிய கேள்விக்குள் அது வரவே இல்லை. மருமகளிடம், "அதை இன்றைக்கே இறக்கிக்கொள். நான்கு அத்தியாயம் படி. பிடித்தால் தொடர்" என்றேன். செலவு இருப்பது மற்றவற்றுக்குத்தான்.

மூன்றாவது, ரிச்சர்ட் மாதெசனின் ‘ஐ ஆம் லெஜண்ட்’. 1954இல் எழுதியது, கதை நடப்பது 1976 முதல் 1979 வரை. நான்கிலும் இதுவே மெலிந்தது. பஸ்ஸில் திருநெல்வேலியிலிருந்து சென்னைக்குப் போகும் நேரத்தில் முடித்துவிடலாம். ஒரு தொற்றுநோயில் எல்லோரும் காட்டேரி ஆகிவிட, லாஸ் ஏஞ்சலிஸில் ராபர்ட் நெவில் என்ற ஒருவன் மட்டும் மிச்சம். அவன் வீரனும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். பகலில் மரத்தைக் கடைசல் இயந்திரத்தில் கொடுத்து முளைகள் செய்கிறான், பூண்டு கோத்து மாலை கட்டுகிறான், ஜன்னல் பலகைகளைச் சரிபார்க்கிறான், பிறகு காரை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்த் தூங்குகிறவர்களைக் குத்துகிறான். மாலையில் கதவைப் பூட்டிக்கொண்டு குடிக்கிறான். வெளியே, ஒரு காலத்தில் அவனோடு சேர்ந்து காரில் வேலைக்குப் போன பக்கத்து வீட்டுக்காரன் நின்றுகொண்டு, "வெளியே வா, நெவில்!" என்று கத்துகிறான். ஒவ்வொரு இரவும்.

வேட்டை என்பதை இவ்வளவு சலிப்பான வீட்டு வேலையாகக் காட்டிய நாவல் வேறு இல்லை. அந்தச் சலிப்புக்குள்ளிருந்துதான் பயம் வருகிறது. ஒரு நாள் மனைவியின் கல்லறைக்குப் போகிறான். போனவன் நேரம் பார்க்கிறான், மூன்று மணி. அவசரமில்லை என்று உட்கார்ந்திருக்கிறான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்க்கிறான். மூன்று மணி. கைக்கடிகாரம் நின்றுபோயிருக்கிறது. இதற்குமேல் அந்தப் பக்கங்களைப் பற்றிச் சொன்னால் பாவம். நான் அதைப் படித்த இரவு என் கடிகாரத்தைக் காதருகே வைத்துப் பார்த்தேன்.

அவன் நூலகத்திலிருந்து புத்தகங்களை எடுத்துவந்து, நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, இது ஏன் என்று தானே கண்டுபிடிக்க முயல்கிறான். பூண்டில் எந்தப் பொருள் வேலை செய்கிறது? ஓடும் நீருக்குப் பயம் என்பது உண்மையா? சிலுவையைக் கண்டு நடுங்குகிறார்கள், சரி. யூதனாக இருந்தவன் சிலுவையைக் கண்டு ஏன் நடுங்க வேண்டும்? மற்ற நாவல்கள் விதிகளை அப்படியே வாங்கிக்கொண்டபோது மாதெசன் ஒவ்வொன்றையும் எடுத்துக் கேள்வி கேட்டார். ஸோம்பிப் படங்களுக்கு வழி காட்டிய ஜார்ஜ் ரொமேரோ, தன் 1968ஆம் ஆண்டுப் படத்துக்கு விதை இந்த நாவல் என்று சொல்லியிருக்கிறார்.

குறைகள்? பேசுவதற்கு ஆளே இல்லை. பாதிப் புத்தகம் ஒருவனுடைய தலைக்குள்ளேயே நடக்கிறது. அவன் குடித்துவிட்டுச் சுவரைக் குத்துவதும், பெண்களைப் பற்றி நினைப்பதும் இன்றைய வாசகிக்கு எரிச்சல் தரும். நியாயமான எரிச்சல். ஒரு நாய் வரும் பகுதி இருக்கிறது. நாய் வளர்ப்பவர்கள் அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளட்டும். 2007இல் வந்த வில் ஸ்மித் படத்தைப் பார்த்தவர்கள், கதை தெரியுமே என்று ஒதுங்குகிறார்கள். அவர்களுக்குக் கதை தெரியாது. தலைப்பு ஏன் அந்தத் தலைப்பு என்பது புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில்தான் விளங்கும். விளங்கும்போது நாம் அதுவரை யார் பக்கம் நின்றோம் என்ற கணக்கே தலைகீழாகிறது. என்னைக் கேட்டால் நான்கில் சிறந்த நாவல் இதுதான். விடுமுறைக்குப் பரிசாக ஒரு பத்தொன்பது வயதுப் பெண்ணுக்குக் கொடுப்பேனா என்றால், கொஞ்சம் யோசிப்பேன். தனிமை அவ்வளவு கனம்.

நான்காவது, ஸ்டீஃபன் கிங்கின் ‘சேலம்ஸ் லாட்’, 1975. நம் சேலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஜெருசலேம்ஸ் லாட் என்ற கற்பனை ஊரின் சுருக்கம் அது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துச் சிற்றூர். கிங் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தபோது டிராகுலாவைப் பாடமாக நடத்தினார். அந்தப் பிரபு இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவுக்கு வந்தால் என்ன ஆகும் என்ற யோசனையிலிருந்து வந்தது இது. லண்டன் மாதிரி பெருநகரத்தைத் தொட அந்தக் காட்டேரிக்கு ஆசையில்லை. ஒருவரை ஒருவர் கவனிக்காமல் புறம் மட்டும் பேசுகிற சின்ன ஊர் போதும்.

குறை எல்லோரும் சொல்வதுதான். மெதுவாக நகர்கிறது. பால் ஊற்றுபவர், குப்பை மேட்டுக் காவலாளி, பள்ளிப் பேருந்து ஓட்டுநர், அறை வாடகைக்கு விடும் பெண்மணி, எல்லோருடைய வீட்டுக்குள்ளும் கிங் நம்மை அழைத்துப் போகிறார். எதற்கு இத்தனை பேர் என்று மென்பொருள் இளைஞர் கேட்டார். அவர் நூற்றைம்பதாவது பக்கத்தில் விட்டுவிட்டார். எங்கள் கூட்டத்துப் பள்ளி ஆசிரியை அதற்குக் கொடுத்த பதில் எனக்குச் சரியாகப் பட்டது: "ஊர் காலியாவதைக் காட்ட வேண்டுமானால் முதலில் ஊரை நிரப்ப வேண்டாமா?" பிற்பாதியில் ஒவ்வொரு வீட்டிலும் பகலில் திரை இழுத்து மூடப்படுகிறது. அந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று நமக்குத் தெரியும். தெரிவதால்தான் திரை பயமுறுத்துகிறது.

வேட்டைக் குழு இங்கே ஒரு எழுத்தாளர், ஒரு வயதான ஆசிரியர், ஒரு டாக்டர், ஒரு பாதிரியார், ஒரு சிறுவன். ஆசிரியர் மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் படுத்தபடி, புத்தகங்களைக் குவித்து வைத்துக்கொண்டு படித்துப் படித்து மற்றவர்களுக்கு வழி சொல்கிறார். ஆனால் சிறந்த வேட்டைக்காரன் அந்தச் சிறுவன் மார்க்தான். இறந்துபோன பள்ளித் தோழன் ஒருவன் இரவில் மாடி ஜன்னலுக்கு வெளியே மிதந்தபடி, கண்ணாடியைக் கீறி, உள்ளே விடச் சொல்லிக் கெஞ்சுகிறான். பெரியவர்களாக இருந்தால் இது கனவா நனவா என்று யோசித்தே செத்திருப்பார்கள். மார்க் யோசிப்பதில்லை. அவனுக்குப் பேய்ப் பொம்மைகள் சேர்க்கிற பழக்கம். மேசைமேல் ஒட்டி முடித்த பிளாஸ்டிக் இடுகாடு ஒன்று இருக்கிறது. அதிலிருந்து பிளாஸ்டிக் சிலுவையைப் பிடுங்கி வந்தவன் கன்னத்தில் வைக்கிறான். வேலை செய்கிறது. பிறகு கொஞ்ச நேரத்தில் தூங்கியும் போய்விடுகிறான். அதே நாவலில் பின்னால் பாதிரியார் உண்மையான சிலுவையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் காட்சி ஒன்று வருகிறது. பிளாஸ்டிக் செய்த வேலையை அது செய்ததா என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னும் சில பெயர்களையும் மாடியில் சொன்னார்கள். எலிசபெத் கொஸ்தோவா பத்து வருடம் உழைத்து 2005இல் வெளியிட்ட ‘தி ஹிஸ்டோரியன்’ நூலகம் நூலகமாக டிராகுலாவைத் தேடுகிறது. இஸ்தான்புல், புடாபெஸ்ட், பல்கேரிய மடங்கள் என்று ஊர் சுற்ற ஆசைப்படுபவர்களுக்கு விருந்து. அறுநூறு பக்கம் தேடி முடிவில் கிடைப்பது போதவில்லை என்பவர்கள் பக்கம் நானும் இருக்கிறேன். கிரேடி ஹெண்ட்ரிக்ஸின் 2020ஆம் ஆண்டு நாவலில் தென் கரோலினா இல்லத்தரசிகளின் வாசிப்புக் குழு ஒன்று காட்டேரியை எதிர்கொள்கிறது. கணவன்மார் யாரும் அவர்களை நம்புவதில்லை. எலிகள் வரும் பகுதியில் ஆசிரியை புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து வீட்டைப் பெருக்கினாராம். ஒரே மாலையில் முடிய வேண்டும் என்பவர்களுக்கு ஷெரிடன் லெ ஃபானுவின் ‘கார்மில்லா’. 1872இல் நூலாக வந்தது, டிராகுலாவுக்கு இருபத்தைந்து வருடம் மூத்தது, அதுவும் இலவசம். அதில் வேட்டை கடைசிச் சில பக்கங்கள்தான். மீதி எல்லாம் நட்பா காதலா என்று பிரிக்க முடியாத ஒரு மயக்கம்.

இத்தனையையும் போனில் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அவள் கேட்டுக்கொண்டே எழுதிக்கொண்டும் இருந்தாள். கடைசியில் அவளே வாசித்துக் காட்டினாள்: ஒன்றில் கெட்ட வார்த்தை, ஒன்றில் பிரசங்கம், ஒன்றில் தனிமை, ஒன்றில் தாமதம்.

"கெட்ட வார்த்தை பரவாயில்லை, மாமா. விடுதியில் கேட்காததா? ஆனால் மூன்று பாகம் என்றால் நீங்கள் மூன்றையும் வாங்கித் தருவீர்களா?"

மாட்டேன் என்றேன்.

"அப்படியானால் தாமதமே இருக்கட்டும். பாட்டி ஊர்க்கதை சொல்லும்போது யாராவது அவசரப்படுத்துகிறோமா என்ன?"

கிங் புத்தகத்தை மறுநாளே அனுப்பிவிட்டேன். எனக்குள் கொஞ்சம் ஏமாற்றம்தான். மாதெசனை எடுப்பாள் என்று நினைத்திருந்தேன். நேற்று இரவு அவளிடமிருந்து செய்தி வந்தது: "மாமா, எழுபது பக்கம் ஆகிவிட்டது. ஊரில் எல்லோரையும் தெரியும். இன்னும் ஒரு காட்டேரிகூட வரவில்லை."

அறை மாடியிலா கீழேயா என்று கேட்டேன். மாடியில்தானாம், ஜன்னலை ஒட்டித்தான் கட்டிலாம். சரி, படி என்று மட்டும் பதில் அனுப்பினேன்.